காய்ச்சலின் சூட்டை அளக்கிறோம், மனத்தெளிவை அளக்கிறோமா?

வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் காய்ச்சலுக்கென மருத்துவமனைக்கு வருவோரின் வரிசை நீளும் என்பது இம்மடலின் வாசகர்கள் அறிந்ததே. வட இந்தியாவின் பெரும்பகுதியில் இன்ஃப்ளூயன்சா என்னும் ஃப்ளூ காய்ச்சல் தென்மேற்குப் பருவமழை மாதங்களில் உச்சமடைகிறது. சென்னையிலும் வேலூரிலும் நடைபெற்ற கண்காணிப்பு ஆய்வுகள், இங்கே அந்த உச்சம் அக்டோபர், நவம்பர் மாதங்களில் அமைவதைக் காட்டியுள்ளன. திடீரென்று அடிக்கும் காய்ச்சல், உடம்பு முழுவதும் அடித்துப் போட்டாற்போன்ற வலி, தொண்டைக் கரகரப்பு, வறட்டு இருமல் ஆகியவையே இதன் அடையாளங்கள். பெரும்பாலோர் ஓய்விலும் கஞ்சியிலும் பாரசிட்டமால் மாத்திரையிலும் ஒரு வாரத்திற்குள் தேறிவிடுகின்றனர். அவர்களுக்கு மருத்துவமனையே தேவைப்படுவதில்லை.

ஆயினும் ஒவ்வொரு பருவத்திலும் வயதுவந்தோர் சிலர் நரம்பியல் பிரிவுக்கு வந்து சேர்கின்றனர். அவர்களுள் சிலருக்குக் காய்ச்சல் தொடங்கிய இரண்டாம் மூன்றாம் நாளில் பேச்சு குழம்புகிறது. வீட்டாரின் முகம் தெரியாமற் போகிறது. சிலருக்கு வாழ்நாளில் முதன்முறையாக வலிப்பு வருகிறது. வேறு சிலருக்குக் காய்ச்சல் முற்றிலும் நீங்கி, வேலைக்குத் திரும்பிய பின்னர்க் கால்கள் வலுவிழக்கின்றன. இவர்கள் பலரிடத்தும் பொதுவாக நாங்கள் காண்பது காலத்தாழ்வு. நோய் மூளையையோ நரம்பையோ தொட்டுவிட்டது என்பதற்கான அறிகுறி வீட்டிலேயே தோன்றியிருக்கும். அதனைக் 'காய்ச்சல் வேகம்' என்று கருதி ஒருநாளோ இருநாளோ கடந்திருக்கும்.

இக்கட்டுரையில் நாங்கள் முன்வைக்க விரும்பும் கருத்து ஒன்றே. வயதுவந்தோரின் காய்ச்சலில், வெப்பமானி காட்டும் எண்ணைவிட நோயாளியின் மனத்தெளிவே நம்பத்தக்க அளவுகோல். கொரோனாக் காலத்தில் விரல்நுனியில் ஆக்சிஜன் அளவைப் பார்க்க நம் குடும்பங்கள் கற்றுக்கொண்டன. அதே கவனத்துடன் தெளிவையும் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும். அதற்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை.

அரிது, ஆனால் புதிதன்று

ஃப்ளூ காய்ச்சலால் நரம்பு மண்டலம் பாதிக்கப்படுவது அரிதே என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அச்சமூட்டுவது எங்கள் நோக்கமன்று. எனினும் இது நேற்று கண்டறியப்பட்ட செய்தியும் அன்று. 1918ஆம் ஆண்டின் பெருந்தொற்று இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரின் உயிரைக் கொண்டுசென்றது. அதே காலத்தில், 1917இல், வியன்னா நகரின் மருத்துவர் கான்ஸ்டன்டின் வான் எக்கனாமோ, நோயாளிகளை நீண்ட உறக்கத்தில் ஆழ்த்தும் ஒருவகை மூளையழற்சியை விவரித்தார். அதற்கும் ஃப்ளூவுக்கும் தொடர்பு உண்டா என்பது இன்றுவரை மெய்ப்பிக்கப்படவில்லை; ஆனால் அந்தக் கேள்வி மருத்துவ உலகின் கண்களை இத்திசையில் திருப்பியது. 1990களில் ஜப்பானிய மருத்துவர்கள், காய்ச்சலைத் தொடர்ந்து மூளையின் ஆழத்திலுள்ள தலாமஸ் பகுதி இருபுறமும் ஒருசேரச் சிதைவுறும் கடுமையான நோயைக் குழந்தைகளிடம் கண்டு விவரித்தனர். பின்னர் அது வயதுவந்தோரிடமும், மிக அரிதாக, காணப்பட்டது. 2009இல் பரவிய எச்1என்1 பெருந்தொற்றின்போது பல நாடுகளிலிருந்து நரம்பியல் சிக்கல்கள் பதிவாயின. பன்றிக் காய்ச்சல் என்று நாம் அழைத்த அந்த வைரஸ் இன்று ஆண்டுதோறும் வரும் சாதாரண ஃப்ளூ வைரஸ்களுள் ஒன்றாகிவிட்டது.

மூளையில் நிகழ்வது என்ன?

'வைரஸ் மூளைக்கு ஏறிவிட்டதா, டாக்டர்?' என்பதே உறவினர் எங்களிடம் கேட்கும் முதற்கேள்வி. பெரும்பாலான நேரங்களில் விடை 'இல்லை' என்பதுதான். இத்தகைய நோயாளிகளின் முதுகுத்தண்டு நீரைச் சோதிக்கும்போது ஃப்ளூ வைரஸ் அதில் கிடைப்பது அரிது. வைரஸ் மூச்சுப்பாதையிலேயே தங்கியிருக்க, அதனை எதிர்க்க உடல் சுரக்கும் சைட்டோகைன் எனப்படும் வேதிப்பொருள்கள் அளவுமீறிப் பெருகுகின்றன. இரத்தத்திற்கும் மூளைக்கும் இடையே உள்ள நுண்ணிய தடுப்பு இதனால் கசியத் தொடங்குகிறது, மூளை வீங்குகிறது. திருடனைத் துரத்திய கூட்டம் தெருவிலுள்ள வீடுகளையும் நொறுக்குவதைப் போன்றது இது.

இதனால் ஒரு நடைமுறை விளைவு உண்டு. முதுகுநீரில் வைரஸ் இல்லை என்பதாலேயே ஃப்ளூ காரணமன்று என்று சொல்லிவிட முடியாது. மூக்கிலும் தொண்டையிலும் எடுக்கும் மாதிரியைப் பி.சி.ஆர். முறையில் சோதித்தால்தான் விடை கிடைக்கும். நினைவு தடுமாறிக் கிடப்பவருக்கு மூக்கில் குச்சி விடுவது ஏன் என்று குடும்பத்தினர் வியப்பதுண்டு. காரணம் இதுவே.

அதே வேளையில், காய்ச்சலில் தெளிவு குலையும் ஒவ்வொருவருக்கும் மூளையழற்சி என்று எண்ணிவிடவும் கூடாது. டெங்கு, ஸ்க்ரப் டைஃபஸ், ஹெர்பிஸ் வைரஸ், ஜப்பானிய மூளைக்காய்ச்சல், மலேரியா, காசநோய் ஆகியவையும் இதே தோற்றத்தில் வரலாம். சாப்பிடாமல் வழக்கமான சர்க்கரை மாத்திரையை மட்டும் விழுங்கியவருக்கு இரத்தச் சர்க்கரை தாழ்ந்திருக்கலாம். இரத்த அழுத்தத்திற்கு நீர்பிரிக்கும் மாத்திரை உட்கொள்ளும் முதியவருக்குச் சோடியம் உப்பு குறைந்திருக்கலாம். இவற்றுட் பலவும் உரிய நேரத்தில் மருத்துவம் பெற்றால் குணமாகக்கூடியவை. ஆகவேதான், காரணம் எதுவாயினும் தெளிவின்மை என்பதே மருத்துவமனைக்கு வரப் போதுமான காரணம் என்று வலியுறுத்துகிறோம். காரணத்தைக் கண்டறியும் பொறுப்பு எங்களுடையது.

கவனிக்க வேண்டிய இரண்டு காலகட்டங்கள்

முதற்காலகட்டம், காய்ச்சல் தொடங்கிய நாள் முதல் ஏறத்தாழ ஒரு வாரம். மனக்குழப்பம், மிகுதியான உறக்கம், வலிப்பு ஆகியவை இக்காலத்தில் வருபவை. பக்கவாதமும் இக்காலத்தில் கவனிக்கப்பட வேண்டியது. 2004இல் வெளியான பெரிய பிரிட்டன் ஆய்வொன்று, மூச்சுப்பாதைத் தொற்றுக்கு அடுத்த முதல் மூன்று நாட்களில் பக்கவாத வாய்ப்பு இயல்பைவிட ஏறத்தாழ மூன்று மடங்காக உயர்வதைக் காட்டியது. மாரடைப்பு வாய்ப்பு அதனினும் கூடுதலாக உயர்ந்தது. தொற்றின்போது இரத்தம் எளிதில் உறையும் தன்மை பெறுவது இதற்கு ஒரு காரணம். எனவே, காய்ச்சலில் கிடப்பவருக்கு வாய் ஒருபுறம் கோணினாலோ, ஒரு கை தொய்ந்தாலோ, பேச்சு குழறினாலோ அதனைக் காய்ச்சலின் பலவீனம் என்று கொள்ளற்க. இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்குரிய காலம் நான்கரை மணி நேரம் மட்டுமே. காய்ச்சல் இருக்கிறது என்பதற்காக அந்தக் கடிகாரம் நின்றுவிடாது.

தசைகளும் பாதிக்கப்படுவதுண்டு. கெண்டைக்காலிலும் தொடையிலும் தாளாத வலியும், சிறுநீர் கடுங்காப்பியின் நிறத்தில் இறங்குவதும் தசைகள் சிதைவதன் அறிகுறி. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

இரண்டாம் காலகட்டம், காய்ச்சல் நீங்கிய பின் வரும் ஒன்று முதல் மூன்று வாரங்கள். தொற்றை எதிர்க்க உருவான எதிர்ப்பாற்றல் இப்போது திசை தவறி, உடலின் சொந்த நரம்புகளையே தாக்கக்கூடும். கில்லன்–பாரே நோய் இவ்வகையில் நன்கறியப்பட்டது. 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் புனே நகரில் இந்நோய் பலரைத் தாக்கிய செய்தி பலருக்கும் நினைவிருக்கும். அங்கே கேம்பிலோபாக்டர் என்னும் குடல் பாக்டீரியா முதன்மைக் காரணமாகக் கருதப்பட்டது. ஃப்ளூவும் அரிதாக இதே நோயைத் தூண்டவல்லது. மூளையிலும் தண்டுவடத்திலும் இவ்வாறே அழற்சி வரலாம். தண்டுவடம் பாதிக்கப்பட்டால் கால்கள் மரத்துப்போவதோடு சிறுநீர் கட்டிக்கொள்ளும்.

காய்ச்சலுக்குப் பின் எவர்க்கும் அசதி இருக்கும். அசதி வேறு, வலுவிழப்பு வேறு. அசதியுற்றவர் மனம் வைத்தால் எழுந்து நடந்துவிடுவார். வலுவிழந்தவரால் முயன்றும் முடியாது. தரையில் அமர்ந்தவர் கையூன்றியும் எழ முடியாமை, மாடிப்படி ஏறத் திணறல், நடக்கையில் செருப்பு காலை விட்டுக் கழன்றுபோதல், இரு பாதங்களிலும் தொடங்கி மேலேறும் மதமதப்பு ஆகியவை கில்லன்–பாரே நோயின் தொடக்க அடையாளங்கள். விழுங்குவதில் புரையேறுதலும், மூச்சுவிடாமல் பேச இயலாமையும் மூச்சுத்தசைகள் தளர்வதைக் காட்டும். இந்நோயுற்றோரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்குச் செயற்கைச் சுவாசம் தேவைப்படலாம். எனினும் உரிய நேரத்தில் இம்யூனோகுளோபுலின் மருந்தோ பிளாஸ்மா மாற்றமோ செய்தால் பெரும்பாலோர் ஆறு மாதத்திற்குள் துணையின்றி நடக்கின்றனர். இம்மருத்துவம் முதல் இரண்டு வாரங்களுக்குள் தொடங்கப்பட வேண்டும். 'சத்துக் குறைவு' என்று சொல்லி டானிக்கும் குளுக்கோஸும் ஏற்றிக்கொண்டு கழிக்கும் ஒவ்வொரு நாளும் இந்தக் கணக்கிலிருந்து கழிகிறது.

'ஜன்னி' என்னும் பழஞ்சொல்

'நேற்று இரவே ஒரு மாதிரியாகத்தான் பேசினார். ஜன்னி கண்டிருக்கிறது, காய்ச்சல் இறங்கினால் சரியாகிவிடும் என்று இருந்துவிட்டோம்.' சேர்க்கையின்போது நாங்கள் அடிக்கடி கேட்கும் சொற்கள் இவை. இப்படிச் சொல்பவர்களை நாங்கள் குறைகூறவில்லை. இரவெல்லாம் நெற்றியில் ஈரத்துணியிட்டு விழித்திருந்தவர்கள் அவர்கள். நம் முன்னோர் 'ஜன்னி' என்ற சொல்லை அஞ்சியே பயன்படுத்தினர். அது உயிருக்கு ஆபத்து என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். இன்று அச்சொல் ஆறுதல் சொல்லாக மாறியிருப்பதே எங்கள் கவலை.

குழப்பம் எப்போதும் கூச்சலோடு வருவதில்லை. பிதற்றுபவரையும் படுக்கையிலிருந்து எழுந்து ஓடுபவரையும் குடும்பம் உடனே அழைத்து வந்துவிடுகிறது. சத்தமின்றிச் சுருண்டு படுத்து, கேட்டால் ஒரு சொல் சொல்லிவிட்டு மீண்டும் உறங்குபவரோ 'நன்றாக ஓய்வெடுக்கிறார்' என்று விடப்படுகிறார். முதியோரிடம் இந்த அமைதியான குழப்பமே மிகுதி. அவர்கள் வயதுக்கு இது இயல்பு என்ற எண்ணமும் சேர்ந்துகொள்கிறது. முந்தின வாரம் வரை பால் கணக்கைத் தாமே பார்த்து வந்த ஒருவர், இன்று பேரனின் பெயரைத் தவறாகச் சொன்னால் அது முதுமையன்று. முதுமை ஓர் இரவில் வருவதில்லை.

எச்1என்1 காய்ச்சலுக்கென மத்திய சுகாதார அமைச்சகம் வகுத்த வழிகாட்டுதல், நோயாளிகளை ஏ, பி, சி என மூவகையாகப் பிரிக்கிறது. உடனடியாக மருத்துவமனையில் சேர்க்கப்பட வேண்டிய 'சி' வகையின் அறிகுறிகளுள் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி ஆகியவற்றோடு அரைத்தூக்க நிலையும் இடம்பெற்றுள்ளது. மூச்சுத்திணறலுக்கு நாம் அஞ்சுகிறோம். அதே பட்டியலில் உள்ள அரைத்தூக்கத்திற்கு அஞ்சுவதில்லை.

ஆகவே, காய்ச்சலில் இருக்கும் வயதுவந்தோரிடம் நாளுக்கு மூன்று முறை, மாத்திரை கொடுக்கும் வேளையிலேயே, இவற்றைக் கேட்கலாம். இப்போது எங்கே இருக்கிறீர்கள்? இன்று என்ன கிழமை? அருகில் இருப்பவர் யார்? சனிக்கிழமையிலிருந்து கிழமைகளைப் பின்னோக்கிச் சொல்லுங்கள். கடைசிக் கேள்வி கவனத்தைச் சோதிப்பது. மூளை தளரும்போது முதலில் தளர்வது கவனமே. வழக்கமாக இவற்றைச் சொல்லக்கூடியவர் இன்று சொல்லத் தடுமாறினால், காய்ச்சலைத் தணித்து ஒரு மணி நேரத்தில் மீண்டும் கேளுங்கள். அப்போதும் தடுமாறினால் விடியும்வரை காத்திராமல் புறப்படுங்கள். எழுப்பியும் எழாதவருக்கும், தாளாத தலைவலியோ கழுத்து விறைப்போ உள்ளவருக்கும் அந்த ஒரு மணி நேரமும் வேண்டியதில்லை.

பெரியவர்களுக்குக் 'காய்ச்சல் வலிப்பு' கிடையாது

காய்ச்சல் சூட்டால் வரும் வலிப்பு, ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகளுக்குரியது. பெரும்பாலும் அது தீங்கற்றது. பெரியவர் ஒருவருக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்தால், வேறு காரணம் தெளிவாகும்வரை, மூளை பாதிக்கப்பட்டுள்ளது என்றே கொள்ள வேண்டும். வலிப்பு நின்று அவர் எழுந்து பேசிவிட்டாலும் வீட்டில் வைத்திருத்தல் கூடாது.

வலிப்பு வரும்போது கையில் சாவியோ இரும்போ கொடுப்பதால் பயனில்லை. வாயில் கரண்டியையோ துணியையோ திணிப்பதும், தண்ணீர் ஊற்றுவதும் கேடு. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், அருகிலுள்ள கூரிய பொருள்களை அகற்றுங்கள், நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். உடனே 108ஐ அழையுங்கள். ஐந்து நிமிடத்திற்கு மேல் நீடிக்கும் வலிப்பு, அதுவே தனியாக ஓர் அவசரநிலை.

ஏற்கெனவே நரம்பு நோய் உள்ளவர்கள்

எங்கள் பிரிவில் தொடர்ந்து மருத்துவம் பெறுவோர்க்குத் தனியே சொல்ல வேண்டியவை சில உண்டு. வலிப்பு நோய்க்கு மாத்திரை உட்கொள்வோர், காய்ச்சலில் சாப்பாடு பிடிக்கவில்லை என்று ஒரு வேளையும் தவறவிடக் கூடாது. வாந்தியில் மாத்திரை வெளிவந்தால் மருத்துவரை அழையுங்கள். பார்க்கின்சன் நோயுற்றோர்க்கும் அவ்வாறே. அவர்களின் மாத்திரை திடீரென நின்றால் உடல் விறைத்து உயிருக்கே ஆபத்தாகலாம். தசைக்களைப்பு நோயாகிய மையாஸ்தீனியா உள்ளவர்களுக்கு ஃப்ளூ காய்ச்சலே மூச்சுத்தளர்ச்சியைத் தூண்டவல்லது. அதோடு, சளிக்கென்று கடையில் எளிதாக வாங்கப்படும் அசித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாடிக்குகள் அந்நோயை மேலும் மோசமாக்கும். அவர்கள் தம் நோயின் பெயரை மருந்துச்சீட்டில் எழுதிக் கையோடு வைத்திருப்பது நன்று.

மருந்துகள் குறித்து

ஓசெல்டாமிவிர் என்னும் வைரஸ் எதிர்ப்பு மருந்து, அறிகுறி தோன்றிய 48 மணி நேரத்திற்குள் தொடங்கினால் நன்கு பயனளிக்கும். எல்லோர்க்கும் அது தேவையில்லை. கருவுற்றோர், முதியோர், சர்க்கரை, இதயம், நுரையீரல், சிறுநீரக நோயுள்ளோர் ஆகியோர் காய்ச்சலின் முதல் இரண்டு நாட்களிலேயே மருத்துவரைக் காண வேண்டும் என்று நாங்கள் சொல்வது இதனால்தான். நோய் கடுமையாகி உள்நோயாளியாகச் சேர்ந்தவருக்கு 48 மணி நேரம் கடந்திருந்தாலும் அம்மருந்தைக் கொடுக்கிறோம்.

ஆன்டிபயாடிக் வைரஸைக் கொல்லாது. 'ஒரு ஊசி போட்டால் போதும்' என்று கேட்டுப் பெறும் ஊசியால் சூடு சில மணி நேரம் தணியலாம். நோயின் போக்கை அது மாற்றாது. பதினெட்டு வயதுக்குட்பட்டோர்க்கு ஃப்ளூ காய்ச்சலில் ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது; ரேய் நோய் என்னும் கடுமையான மூளை, கல்லீரல் பாதிப்பை அது தூண்டலாம். ஆனால் இதயத்திற்காகவோ பக்கவாதத்திற்காகவோ சிறிதளவு ஆஸ்பிரின் உட்கொண்டு வரும் பெரியவர்கள், இதைப் படித்துவிட்டுத் தாமாக அதனை நிறுத்திவிட வேண்டாம். மருத்துவரைக் கேட்டே முடிவு செய்யுங்கள்.

முதுகில் நீர் எடுப்பது

மூளையழற்சி ஐயத்தில், முதுகுத்தண்டு நீரை எடுத்துச் சோதிக்கக் கையொப்பம் கேட்கிறோம். அப்போது குடும்பம் தயங்குகிறது. 'முதுகில் ஊசி போட்டால் கால் வராமற் போய்விடும்' என்ற அச்சம் நம்மிடையே ஆழமாக வேரூன்றியுள்ளது. தண்டுவடம் இடுப்பின் மேற்பகுதியிலேயே முடிந்துவிடுகிறது. ஊசி நுழைவது அதற்குக் கீழே, நீர் மட்டும் சூழ்ந்த இடத்தில். அதற்குப் பின் சிலருக்குச் சில நாட்கள் தலைவலி இருக்கலாம். நிலையான ஊறு விளைவது மிக அரிது. அந்தச் சில துளி நீர், ஹெர்பிஸ் மூளையழற்சியையோ காசநோய் மூளைச்சவ்வழற்சியையோ காட்டிக்கொடுக்கும். அவை இரண்டிற்கும் மருந்து உண்டு. தயக்கத்தில் ஓர் இரவு கழியும்போது, கையில் இருக்கும் மருந்து பயன்படாமற் போகிறது.

தடுப்பூசியைப் பற்றிய எங்கள் நிலைப்பாடு

ஃப்ளூ தடுப்பூசியை நாங்கள் பரிந்துரைக்கும்போது, 'அதனால் கில்லன்–பாரே வரும் என்கிறார்களே' என்ற கேள்வி எழுகிறது. அக்கேள்விக்கு வரலாற்று அடிப்படை உண்டு; அதனை மறைக்க விரும்பவில்லை. 1976ஆம் ஆண்டு அமெரிக்காவில் பன்றிக் காய்ச்சலுக்கென நான்கு கோடிக்கும் மேற்பட்டோருக்குத் தடுப்பூசி போடப்பட்டபோது, ஒரு லட்சம் பேருக்கு ஏறத்தாழ ஒருவர் என்ற அளவில் இந்நோய் கூடுதலாகக் காணப்பட்டது. அத்திட்டம் அவ்வாண்டு டிசம்பரிலேயே நிறுத்தப்பட்டது. அதன்பின் வந்த தடுப்பூசிகள் பல்லாண்டுகள் கண்காணிக்கப்பட்டு வருகின்றன. கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில் நடைபெற்று 2013இல் வெளியான ஆய்வின்படி, பத்து லட்சம் தடுப்பூசிகளுக்குக் கில்லன்–பாரே நோயால் சேர்க்கப்பட்டவர் ஏறத்தாழ ஒருவர். ஃப்ளூ காய்ச்சலுக்காக மருத்துவரைக் கண்ட பத்து லட்சம் வருகைகளுக்கோ ஏறத்தாழ 17 பேர். அஞ்ச வேண்டியது எதற்கு என்பதை இவ்விரு எண்களும் சொல்கின்றன.

தடுப்பூசி முழுக்காப்பு அன்று. வைரஸோடு நன்கு பொருந்தும் ஆண்டுகளில் நோய் வாய்ப்பை 40 முதல் 60 விழுக்காடு வரை குறைக்கிறது. வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால் ஆண்டுதோறும் போட வேண்டியிருக்கிறது. காப்பு உருவாக இரண்டு வாரங்கள் ஆகும். ஆதலால் நம் பகுதியில் மழைக்காலத்திற்கு முன், செப்டம்பர் அளவில் போட்டுக்கொள்வது பொருத்தம். அறுபது வயதைக் கடந்தோர், கருவுற்றோர், நாட்பட்ட நோயுள்ளோர், அவர்களைப் பராமரிப்போர் ஆகியோர்க்கு நாங்கள் அழுத்தமாகப் பரிந்துரைக்கிறோம். முன்பு தடுப்பூசிக்குப் பின் ஆறு வாரத்திற்குள் கில்லன்–பாரே நோய் வந்தவர்கள் மட்டும் நரம்பியல் மருத்துவரைக் கலந்தே முடிவெடுக்க வேண்டும்.

அரசின் பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் இது வயதுவந்தோர்க்கு இலவசமாக அளிக்கப்படுவதில்லை. விலை கொடுத்து வாங்க வேண்டியிருப்பதே பலருக்குத் தடை. அறுபது வயதைக் கடந்தோர்க்கும் நாட்பட்ட நோயுள்ளோர்க்குமேனும் இது கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. தீவிரச் சிகிச்சைப் பிரிவில் ஒருநாள் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் ஓர் ஊசியின் விலை சிறிது.

எங்கள் தரப்பின் கடமை

குடும்பங்களிடம் இத்தனை கேட்கும் நாங்கள், மருத்துவர்களிடமும் சிலவற்றைக் கேட்டாக வேண்டும். காய்ச்சல் நோயாளியின் சீட்டில் வெப்பம், நாடித்துடிப்பு, ஆக்சிஜன் அளவு எழுதப்படுகின்றன. 'தெளிவாக உள்ளார்' என்ற ஒரு வரியும் எழுதப்பட வேண்டும். 'வைரஸ் காய்ச்சல்தான், போகலாம்' என்று அனுப்பும்போது, எவை தோன்றினால் திரும்பி வர வேண்டும் என்பதையும் சொல்லி அனுப்ப வேண்டும். 'அம்மா இரண்டு நாளாக அவங்களாகவே இல்லை' என்று மகள் சொன்னால், பரிசோதனையில் ஒன்றும் தென்படாவிட்டாலும் அச்சொல்லை நோயின் அறிகுறியாகவே கொள்ள வேண்டும். ஐந்து நிமிடம் காணும் எங்களைவிட ஐம்பதாண்டு கண்டவர்களுக்கே மாற்றம் முதலில் தெரியும்.

இவ்வளவு சொன்னால் ஒவ்வொரு காய்ச்சலுக்கும் மக்கள் அவசரப் பிரிவுக்கு ஓடிவருவார்களே என்று கேட்கலாம். நாங்கள் அவ்வாறு கருதவில்லை. தெளிவாகப் பேசி, தானே எழுந்து நடந்து, கஞ்சி குடித்து, சிறுநீர் நன்கு கழிப்பவர், சூடு 102 காட்டினாலும் பெரும்பாலும் வீட்டிலேயே இருக்கலாம். சூடு 100தான் என்றாலும் கிழமை தெரியாமல் கிடப்பவர் வீட்டில் இருக்கலாகாது. எதற்கு வர வேண்டும் என்று அறிந்த குடும்பம், எதற்கு வர வேண்டியதில்லை என்பதையும் அறியும்.

வரும்போது மூன்று செய்திகளைக் கொண்டு வாருங்கள்: காய்ச்சல் தொடங்கிய நாள், மாற்றம் தெரிந்த நேரம், உட்கொண்ட மாத்திரைகளின் அட்டை. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு, எவ்வகை உதவி கிடைக்கும் என்று சேர்ந்த அன்றே காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள். இந்த மழைக்காலத்தில் உங்கள் வீட்டில் எவரேனும் காய்ச்சலில் படுத்தால், மருந்து கொடுக்கும்போது ஒரு நிமிடம் அருகில் அமர்ந்து பேச்சுக் கொடுங்கள். விடை தெளிவாக வந்தால் நிம்மதியாக இருங்கள். வராவிட்டால் உடனே எங்களிடம் வாருங்கள்.